விமானப் பயண நேரத்தைக் கணக்குப் போடுவதில் செய்யக் கூடாத தவறுகள்

இரண்டு விமான நிலையங்களுக்கு நடுவே எவ்வளவு தூரம் என்று தேடி எடுத்து, அதை 900-ஆல் வகுத்து, இத்தனை மணி நேரத்தில் போய்விடலாம் என்று பலரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். நியூயார்க் ஜேஎஃப்கேயிலிருந்து லண்டன் ஹீத்ரோவுக்கு ஏறக்குறைய 5,540 கி.மீ., வகுத்தால் 6 மணி 10 நிமிடம் வரும். ஆனால் டிக்கெட்டில் 7 மணி நேரம் அளவில் போட்டிருப்பார்கள். மணிக்கு 900 கி.மீ. என்பது உயரத்துக்குப் போய்ச் சீராகப் பறக்கும்போது உள்ள வேகம், ஏறும்போதும் இறங்கும்போதும் அது கிடைக்காது. அதோடு, டிக்கெட்டில் உள்ள நேரம் விமானம் கேட்டை விட்டு நகர்ந்ததிலிருந்து அந்தப் பக்கம் கேட்டில் வந்து நிற்கும் வரைக்கும் சேர்த்துத்தான், ஓடுபாதைக்காக வரிசையில் நிற்பதும் அதில் அடக்கம்.

போக 7 மணி என்றால் வரவும் 7 மணிதானே என்று நினைப்பது அடுத்த தவறு. லண்டனிலிருந்து நியூயார்க் திரும்ப 8 மணி நேரம் போல ஆகும். மேலே மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி ஜெட் காற்று வீசுகிறது, கிழக்கே போகிறவர்களை அது தள்ளிவிடும், மேற்கே வருகிறவர்கள் அதை எதிர்த்து வர வேண்டும். 2020 பிப்ரவரியில் அந்தக் காற்று மிகப் பலமாக வீசியபோது பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் ஒன்று நியூயார்க்கிலிருந்து 4 மணி 56 நிமிடத்திலேயே லண்டன் போய்விட்டது.

அப்புறம் கடிகாரம். டிக்கெட்டில் புறப்படும் நேரம் கிளம்புகிற ஊர் நேரம், சேரும் நேரம் போய்ச் சேருகிற ஊர் நேரம், இரண்டையும் அப்படியே கழித்தால் விடை தப்பாகத்தான் வரும். கோடையில் டோக்கியோவில் மாலை 5 மணிக்குக் கிளம்பி 10 மணி நேரம் பறந்தால் லாஸ் ஏஞ்சலஸில் அதே நாள் காலை 11 மணி! கழித்துப் பார்த்தால் கிளம்புவதற்கு 6 மணி நேரம் முன்பே போய்ச் சேர்ந்த கணக்கு. இரண்டையும் யுடிசிக்கு, அதாவது உலகப் பொது நேரத்துக்கு, மாற்றிவிட்டுக் கழியுங்கள், அதுதான் சரி. கோடை நேரத்தையும், அதாவது கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைப்பதையும், கவனியுங்கள், அமெரிக்காவும் ஐரோப்பாவும் வேறு வேறு தேதியில் கடிகாரத்தை மாற்றுவதால், வழக்கமாக 5 மணி நேரமாக இருக்கும் லண்டன்–நியூயார்க் வித்தியாசம் மார்ச்சில் சில வாரம் 4 ஆகிவிடும்.

மைல் என்று போட்டிருந்தால் எந்த மைல் என்று பாருங்கள். சாதாரண மைல் 1.609 கி.மீ., விமானிகள் பயன்படுத்தும் கடல் மைல் 1.852 கி.மீ. 3,000 மைலில் 700 கி.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்துவிடும்.

தட்டையான வரைபடத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போடுவதும் வேண்டாம், உருண்டையான பூமியில் குறுகிய வழி அந்தக் கோட்டில் போகாது. அந்தக் குறுகிய வழியிலும் எப்போதும் பறக்க விடமாட்டார்கள். 2022-இல் ரஷ்ய வான்வெளி ஐரோப்பிய விமானங்களுக்கு மூடப்பட்ட பிறகு, ஒன்பதரை மணி நேரம் போல இருந்த ஹெல்சின்கி–டோக்கியோ பயணம் 13 மணி நேரம் ஆனது, இரண்டு ஊருக்கும் நடுவே உள்ள தூரம் ஒரு கிலோமீட்டர்கூட மாறவில்லை. அதனால் பழைய பயண நேரத்தை நம்பாமல், நீங்கள் போகும் தேதியின் அட்டவணையைப் பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள்.