புதன்கிழமை வரை காத்திருந்த ஊசி: ஹெபடைடிஸ் பி உள்ள கர்ப்பிணிகளைக் கவனிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாகப் பணியில் சேர்ந்த நான்கு செவிலியர்களுடன் அண்மையில் இரண்டு வாரம் பிரசவ வார்டில் நின்றேன். வேலூர்ப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றில் நான் தொடக்கத்தில் செய்த பிழைகளையே அவர்களும் அதே வரிசையில் செய்துகொண்டிருந்தார்கள். கையுறை அணிய வேண்டும், ஊசியை மறுமுறை மூடக் கூடாது என்பவற்றையெல்லாம் பயிற்சிக் காலத்திலேயே மனப்பாடம் செய்திருப்பீர்கள் என்பதால் அவற்றை இங்கே எழுதப் போவதில்லை.

கண்ணைப் பார்த்து முடிவு செய்வது

நம் பகுதியில் காமாலை என்றால் கண் மஞ்சளாக வேண்டும், சிறுநீர் மஞ்சளாகப் போக வேண்டும், பத்தியம் இருந்து கீழாநெல்லி அரைத்துக் குடித்தால் சரியாகிவிட வேண்டும். ஹெபடைடிஸ் பி கிருமியைப் பல ஆண்டுகளாக உடலில் வைத்திருக்கும் பெண்களில் பெரும்பாலானவர்களுக்கு இவற்றில் ஒன்றும் இருக்காது. இந்தக் கிருமியைக் கண்டறியும் எச்.பி.எஸ்.ஏ.ஜி. ரத்தப் பரிசோதனையில் 'ரியாக்டிவ்', அதாவது தொற்று உண்டு, என்று வந்த ஒரு பெண்ணிடம் நம் புதிய செவிலியர் "உங்களுக்குக் காமாலை இருக்கிறது" என்று மட்டும் சொன்னார். அந்தப் பெண் கைப்பேசியின் முன்பக்கக் கேமராவில் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, "கண்ணு வெள்ளையாத்தான கீது சிஸ்டர், ரிப்போர்ட்டு மாறிப்பூடுச்சா?" என்று கேட்டார். அவர் கேட்டதில் குற்றமில்லை. நாம் பயன்படுத்திய சொல்தான் தவறு.

காமாலை என்ற சொல்லைத் தள்ளி வைத்துவிட்டு, ரத்தத்தில் ஒரு வைரஸ் இருக்கிறது என்றும், அது கல்லீரலில் தங்குவது என்றும், உங்களுக்கு இப்போது தொந்தரவு தராவிட்டாலும் பிரசவ நேரத்தில் குழந்தைக்குப் போகக்கூடும் என்றும், போகாமல் தடுக்க ஊசி உண்டு என்றும் சொல்லுங்கள். இது தண்ணீரால் வருவதன்று என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அசுத்தமான தண்ணீராலும் உணவாலும் பரவுபவை ஏ, இ வகைகள். பி வகை ரத்தத்தின் வழியாகவும் உடலுறவின் வழியாகவும் தாயிடமிருந்து குழந்தைக்கும் பரவுகிறது. இதைச் சொல்லாவிட்டால் வீட்டில் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கத் தொடங்கிவிட்டு, வேலை முடிந்தது என்று நிம்மதியாக இருந்துவிடுவார்கள்.

புதன்கிழமைக்குத் தள்ளுவது

இதைப் பற்றித்தான் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது, ஏனெனில் இன்றும் என்னை எரிச்சல்படுத்தும் தவறு இதுதான்.

2014-ஆம் ஆண்டில் ஒரு சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. தாய்க்கு இது முதல் பிரசவம். கணவர் ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை செய்தார். எட்டாம் மாதம் வரை அங்கேயே பரிசோதனைகளுக்குப் போய்க்கொண்டிருந்தவர், வழக்கப்படி அம்மா வீட்டுக்கு வந்து எங்களிடம் பிரசவித்தார். தாய் சேய் நல அட்டையில் ரத்த வகையும் எச்.ஐ.வி. முடிவும் எழுதப்பட்டிருந்தன, ஹெபடைடிஸ் பி கட்டம் மட்டும் காலியாக இருந்தது. அந்தக் காலியிடத்தை 'இல்லை' என்று நான் படித்துக்கொண்டேன்.

குழந்தைக்கு வைட்டமின் கே போட்டேன், போலியோ சொட்டு கொடுத்தேன். காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி.யையும், பிறந்தவுடன் போட வேண்டிய முதல் ஊசியான ஹெபடைடிஸ் பி ஜீரோ டோஸையும் புதன்கிழமை தடுப்பூசி நாளில் சேர்த்துப் போட்டுக்கொள்ளலாம் என்று அனுப்பிவிட்டேன். புதன் காலை பத்து மணிக்குப் பாட்டி குழந்தையைத் தூக்கி வந்து, ஸ்கேன் படங்கள் இருந்த மஞ்சப்பையை மேசைமேல் கவிழ்த்தார். நாலாக மடித்து, மடிப்பில் கிழிந்துபோன ஒரு லேப் சீட்டு அதிலிருந்து விழுந்தது. அதில் எச்.பி.எஸ்.ஏ.ஜி. ரியாக்டிவ் என்று அச்சடித்திருந்தது. "ரத்தத்துல கொஞ்சம் காமாலை கீதுன்னு சொன்னாங்க, மருந்து குடுத்துச் சரியாப்பூடுச்சி" என்றார் பாட்டி. பிறந்து 89 மணி நேரம் ஆகியிருந்தது.

நான் ஏன் காத்திருந்தேன் என்பதை விளக்கினால்தான் நீங்கள் ஏன் காத்திருக்கிறீர்கள் என்பது உங்களுக்குப் புரியும். பி.சி.ஜி. குப்பியைக் கரைத்தால் நான்கு மணி நேரத்தில் கொட்டிவிட வேண்டும். ஆகவே ஒரே குழந்தைக்காக அதை உடைக்கத் தயங்கி, நாலைந்து குழந்தைகள் சேரட்டும் என்று ஒதுக்கிவைக்கும் பழக்கம் எல்லா இடத்திலும் உண்டு. அந்தப் பழக்கம் ஹெபடைடிஸ் பி குப்பிக்கும் தொற்றிக்கொள்கிறது. ஆனால் ஹெபடைடிஸ் பி கரைக்க வேண்டிய மருந்தன்று. இரண்டு முதல் எட்டு டிகிரிக்குள் வைத்து, உறையாமல், காலாவதியாகாமல், குப்பியின் மேலுள்ள வெப்பக் குறியீடு மாறாமல் இருந்தால், திறந்த பத்து டோஸ் குப்பியை 28 நாள் வரை பயன்படுத்தலாம். திறந்த தேதியையும் நேரத்தையும் குப்பியின்மேல் எழுதிவைத்தால் போதும். ஆகவே சனிக்கிழமை இரவில் பிறந்த ஒற்றைக் குழந்தைக்காக அதைத் திறந்தால் எதுவும் வீணாகப் போவதில்லை. அப்படியே சில டோஸ் வீணானாலும், பதிவேட்டில் அந்தக் கட்டத்தை நிரப்பிக் கையெழுத்திடுங்கள்; அதற்காக யாரும் உங்கள் வேலையைப் பறிக்க மாட்டார்கள்.

இன்னொரு சமாதானமும் அடிக்கடி காதில் விழுகிறது. ஆறாவது வாரம் போடும் ஐந்து நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசியான பென்டாவேலன்ட்டில் ஹெபடைடிஸ் பி இருக்கிறதே, ஜீரோ டோஸ் தவறினால் என்ன என்பது அது. பென்டாவேலன்ட் தமிழ்நாட்டுக்கு 2011 டிசம்பரில் வந்தபோது நாங்களும் இதையே பேசினோம். பிரசவத்தின்போது தாயின் ரத்தம் படும் அந்தச் சில மணி நேரத்திலேயே கிருமி குழந்தைக்குள் போய்விடுகிறது. அது கல்லீரலில் வேரூன்றுவதற்குள் உடல் எதிர்ப்பைத் தொடங்க வேண்டும் என்பதற்காகத்தான் ஜீரோ டோஸுக்குப் பிறந்து 24 மணி நேரத்துக்குள் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். ஆறாவது வாரத்து ஊசி, ஏற்கெனவே குடியேறிவிட்ட கிருமியை வெளியேற்றாது. பெரியவர்களுக்கு இந்தத் தொற்று வந்தால் நூற்றில் ஐந்து பேருக்கும் குறைவானவர்களிடம்தான் நிலைத்துவிடுகிறது. பிறக்கும்போதே தொற்றினால் சுமார் 90 சதவீதக் குழந்தைகளிடம் நிலைத்துவிடுகிறது. அப்படி நிலைத்த குழந்தைகள்தான் நாற்பது வயதில் ஈரல் சுருக்கத்தோடும் ஈரல் புற்றுநோயோடும் வேலூருக்கு பஸ் ஏறுகிறார்கள்.

எடை குறைவு என்பதும் தள்ளிப்போடக் காரணமாகாது. தாய்க்குத் தொற்று இருந்தால், இரண்டு கிலோவுக்குக் குறைவான குழந்தைக்கும் பிறந்தவுடன் ஊசி போட வேண்டும்.

அந்தக் குழந்தைக்கு ஒரு வயதில் எடுத்த பரிசோதனையில் தொற்று உறுதியானது. தாயின் ரத்தத்தில் கிருமி மிக அதிகமாக இருந்தால், நேரத்துக்கு ஊசி போட்டாலும் சில குழந்தைகளுக்குத் தொற்று வந்துவிடுவதுண்டு என்று எங்கள் மருத்துவ அலுவலர் என்னைத் தேற்றினார். அது உண்மைதான். ஆனால் அந்தப் பதிவேட்டில் பிறந்த தேதியும் ஊசி போட்ட தேதியும் என் கையெழுத்தில்தான் இருக்கின்றன.

இம்யூனோகுளோபுலினைப் பிரசவ வலி வந்தபின் தேடுவது

தாய்க்குத் தொற்று இருந்தால் தடுப்பூசியோடு, கிருமியை எதிர்க்கும் புரதங்களை நேரடியாகத் தரும் ஊசியான ஹெபடைடிஸ் பி இம்யூனோகுளோபுலினும் குழந்தைக்கு வேண்டும். பிறந்து 12 மணி நேரத்துக்குள், மற்றொரு தொடையில். இது எல்லாக் குளிர்பெட்டியிலும் கிடைக்கும் மருந்தன்று. இரவு இரண்டு மணிக்கு ஒவ்வொரு மருத்துவமனையாகப் போன் செய்து கேட்பதைவிட, ஏழாம் மாதத்திலேயே எந்த இடத்தில் பிரசவம், மருந்து எங்கிருந்து வரும் என்பதை முடிவு செய்து அட்டையில் எழுதிவிடலாம். 2018 ஜூலை 28 அன்று தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் இது இலவசம் என்பதையும் குடும்பத்தாரிடம் சொல்லுங்கள், இல்லையென்றால் விலையைக் கேட்டுவிட்டு வேண்டாம் என்பார்கள். அதே ஏழாம் மாதத்தில் தாயின் வைரஸ் அளவையும் பார்த்துவிட வேண்டும். அது மில்லிக்கு 2,00,000 சர்வதேச அலகைத் தாண்டினால், 28-ஆம் வாரத்திலிருந்து வைரஸைக் கட்டுப்படுத்தும் டெனோஃபோவிர் மாத்திரையை மருத்துவர் தொடங்குவார்.

தாய்ப்பாலை நிறுத்தச் சொல்வது

சொல்லாதீர்கள். காம்பு வெடித்து ரத்தம் கசிந்தால் மட்டும், ஆறும்வரை அந்தப் பக்கம் கொடுக்காமல் இருந்தால் போதும்.

சிசேரியன்தான் பாதுகாப்பு என்பது

இந்த ஒரு காரணத்துக்காக வேண்டியதில்லை.

தட்டையும் டம்ளரையும் பிரிப்பது

பிரிக்க வேண்டியவை பிளேடு, நகவெட்டி, டூத் பிரஷ் ஆகியவை மட்டும்.

வார்டில் உரக்கச் சொல்வது

கேஸ் ஷீட்டின் மேலட்டையில் சிவப்பு மையால் எழுதுவதும், கட்டிலருகே நின்று "இவங்க பாசிட்டிவ் கேஸ்" என்பதும் இன்றும் நடக்கின்றன. பக்கத்தில் பிளாஸ்க்கோடு நிற்கும் மாமியார் அதை எச்.ஐ.வி. என்று எடுத்துக்கொண்டால் மருமகள் அம்மா வீட்டிலேயே இருந்துவிட வேண்டியதுதான். இதற்குப் பயந்து அட்டையில் எழுதாமல் விட்டுவிடுவதும் தவறுதான். ஆம்பூரில் யாரோ நல்லெண்ணத்தோடு அப்படி விட்டதால்தான் அந்தக் கட்டம் என் கண்ணுக்குக் காலியாகத் தெரிந்தது. முடிவையும் தேதியையும் அட்டையின் உள்பக்கத்தில் எழுதுங்கள், அந்தப் பெண்ணிடம் தனியறையில் சொல்லுங்கள், எந்த ஊரில் பிரசவித்தாலும் வாயில் நுழைந்ததும் அந்தப் பக்கத்தைக் காட்டச் சொல்லிப் பழக்குங்கள்.

பிரசவத்தோடு கணக்கை முடித்துவிடுவது

ஆறு, பத்து, பதினான்காம் வாரங்களில் பென்டாவேலன்ட் முடிந்தபின், குழந்தைக்கு ஒன்பது மாதம் நிறைந்த பிறகே ரத்தப் பரிசோதனை எடுக்க வேண்டும். அதற்குமுன் எடுத்தால் முடிவு குழப்பும். கணவருக்கும் மூத்த பிள்ளைகளுக்கும் பரிசோதனை செய்து, தொற்று இல்லாதவர்களுக்குத் தடுப்பூசி போட வேண்டும். கம்பெனியில் லீவு கிடைக்காது என்று கணவர்கள் தட்டிக்கழிப்பார்கள். குழந்தைக்கு ஊசி போட வரும் புதன்கிழமைகளில் ஒன்றில் அவரையும் வரவழையுங்கள். தாய்க்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஈரல் பரிசோதனை உண்டு. மாத்திரை எடுப்பவர் தானாக நிறுத்தினால் நோய் திடீரென முற்றக்கூடும் என்பதால், நிறுத்தும் நாளை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.