துர்கா கோட்டேயின் தடத்தை மராட்டித் திரையில் தேடுவது எப்படி

ஒரு மூத்த நடிகை தன் மொழியின் திரையுலகில் எதை விட்டுச் சென்றார் என்று எழுத உட்காருபவர்கள் முதலில் விருதுப் பட்டியலை எடுத்து வைக்கிறார்கள். துர்கா கோட்டேவுக்கு (1905–1991) 1968-ல் பத்மஸ்ரீ, 1983-ஆம் ஆண்டுக்கான தாதாசாகேப் பால்கே விருது என்று இரண்டு வரியில் அது முடிந்துவிடும். விருது அவருக்கு வந்து சேர்ந்தது. அவரிடமிருந்து பிறருக்கு என்ன போய்ச் சேர்ந்தது என்பதுதான் தேட வேண்டியது. திரைப்படச் சங்கத்தில் பேசுபவர், ஆய்வேடு எழுதுபவர், காணொளிக் கட்டுரை தயாரிப்பவர் எல்லோருக்கும் கீழே உள்ள முறை உதவும்.

பெயரில் தொடங்குங்கள்

மராட்டியில் 'கோட்டே' என்ற சொல்லுக்குப் 'பொய்யானது' என்றும் பொருள் உண்டு. தேவநாகரியில் குடும்பப் பெயரை மட்டும் தட்டித் தேடினால் பொய் வழக்குச் செய்திகள்தான் வந்து குவியும். எப்போதும் முழுப்பெயரைத் தட்டுங்கள். தமிழில் தேடும்போது கோட்டே, கோடே, கோத்தே என மூன்று எழுத்துமுறைகளிலும் தேடிவிடுங்கள். துர்காபாய் காமத் என்பவர் வேறு. 1913-ல் பால்கேயின் 'மோகினி பஸ்மாசுர்' படத்தில் மகள் கமலாபாயுடன் நடித்தவர் அவர். இருவரையும் குழப்பிக்கொண்டு துர்கா கோட்டேயை 'இந்தியத் திரையின் முதல் நடிகை' என்று எழுதிவிட்டால் கட்டுரை முதல் வரியிலேயே சாய்ந்துவிடும்.

முதலில் பார்க்க வேண்டிய படம்

'அயோத்தியேச்சா ராஜா', 1932. கோலாப்பூரில் இருந்த பிரபாத் நிறுவனத்துக்காக சாந்தாராம் இயக்கியது. முதல் மராட்டிப் பேசும்படம். அரிச்சந்திரன் கதைதான். நாம் சந்திரமதி என்று சொல்பவள் அங்கே தாராமதி. 1913-ல் பால்கே எடுத்த 'ராஜா ஹரிச்சந்திரா'வில் தாராமதியாக நடித்தவர் அண்ணா சாளுங்கே என்ற ஆண். பத்தொன்பது ஆண்டுகள் கழித்து அதே பாத்திரத்தில் மும்பையின் வசதியான வீட்டிலிருந்து வந்த, சேவியர் கல்லூரியில் படித்த பெண் நிற்கிறார். ஒரே கதை, ஒரே பாத்திரம், இரண்டு ஆண்டு எண்கள். இந்த ஒப்பீட்டைக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். 'நல்ல குடும்பத்துப் பெண்கள் சினிமாவுக்கு வர அவர் வழி திறந்தார்' என்று எல்லோரும் சொல்லும் வாக்கியத்துக்கு இதுதான் கையில் பிடித்துக் காட்டக்கூடிய ஆதாரம்.

இந்தப் படம் இந்தியிலும் 'அயோத்யா கா ராஜா' என்ற பெயரில் எடுக்கப்பட்டது. கையில் கிடைத்த பிரதி எந்த மொழி என்பதைத் தலைப்பை வைத்து முடிவு செய்யாதீர்கள். முதல் பத்து நிமிட வசனத்தைக் காது கொடுத்துக் கேளுங்கள். வாக்கியம் 'ஆஹே' என்று முடிந்தால் மராட்டி, 'ஹை' என்று முடிந்தால் இந்தி. இந்திப் பிரதியைப் பார்த்துவிட்டு மராட்டி உச்சரிப்பைப் பற்றி எழுதுவது அடிக்கடி நடக்கும் தவறு.

இருபது நிமிடப் பகுதி ஒன்றைத் தேர்ந்தெடுத்து மூன்று முறை பாருங்கள். முதல் முறை ஒலியை அணைத்துவிட்டு, இரண்டாம் முறை படத்தைப் பார்க்காமல் ஒலியை மட்டும் கேட்டு, மூன்றாம் முறை இரண்டையும் சேர்த்து. நிறுத்தி நிறுத்திக் குறிப்பெடுத்தால் ஒன்றரை மணி நேரம் ஆகும். ஒலியில்லாமல் பார்க்கும்போது பாட்டுக் காட்சியைக் கவனியுங்கள். பின்னணிப் பாடல் முறை இந்தியப் படங்களுக்கு வந்தது 1935-ல். அதற்கு முன் நடிப்பவரே ஒலிவாங்கிக்கு எட்டும் இடத்தில் நின்று பாட வேண்டும். அதனால் கால்கள் அதிகம் நகரமாட்டா. உணர்ச்சி முழுவதும் கழுத்திலும் கண்ணிலும் தோளிலும் வந்து சேர்ந்திருக்கும். இதைத் தெரிந்துகொள்ளாமல் பார்ப்பவர்கள் 'நாடகத்தனம்' என்று ஒதுக்கிவிடுகிறார்கள். ஒலிவாங்கி போட்ட எல்லைக்குள் நின்று ஒரு ராணியின் கம்பீரத்தைக் காட்ட வேண்டியிருந்தது. அந்த நேரான முதுகும் அசையாத தலையும்தான் பிறகு அவருடைய அடையாளமாகவே ஆயின. 1960-ல் 'முகல்-ஏ-ஆசம்' படத்தில் ஜோதாபாயாக அவர் நிற்பதை அதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தமிழில் அந்தப் படம் 'அக்பர்' என்று வந்தது.

நிறுவனங்களுக்கு ஒரு பத்தி ஒதுக்குங்கள்

குறிப்பேட்டில் ஆண்டு, படம், மொழி, நிறுவனம், ஊர் என்று ஐந்து பத்திகள் போடுங்கள். 1932 அயோத்தியேச்சா ராஜா, பிரபாத், கோலாப்பூர். அதே ஆண்டு மாயா மச்சீந்திரா, அதே நிறுவனம். பெண்கள் மட்டும் ஆளும் நாட்டின் ராணி. 1933 ராஜராணி மீரா, நியூ தியேட்டர்ஸ், கொல்கத்தா. 1934 சீதா, ஈஸ்ட் இந்தியா பிலிம் கம்பெனி, மறுபடி கொல்கத்தா; இந்த இரண்டும் தேவகி போஸ் இயக்கியவை. 1936 அமர் ஜோதி, பிரபாத். நிறுவனம் அதற்குள் புனேவுக்கு மாறிவிட்டது.

எழுதி முடித்ததும் நான்காம் பத்தியை மட்டும் மேலிருந்து கீழே படியுங்கள். மாதச் சம்பளத்துக்கு ஒரே நிறுவனத்தில் நடிகர்களைக் கட்டிப்போட்ட காலத்தில் அவர் ஊர் விட்டு ஊர், நிறுவனம் விட்டு நிறுவனம் போய் நடித்திருக்கிறார். அவருடைய பங்களிப்பில் இதை நடிப்புக்குச் சமமாகவே வைக்க வேண்டும். கேமராவுக்கு முன்னால் நடந்த மாற்றம் எல்லோர் கண்ணிலும் படுகிறது. ஒப்பந்தத்தில் நடந்தது பட்டியல் போட்டால்தான் தெரியும்.

மூன்றாம் பத்தியில் கறாராக இருங்கள். 'அமர் ஜோதி'யில் கடல் கொள்ளையர் தலைவி சௌதாமினியாக வருகிறார், அற்புதமான பாத்திரம். ஆனால் அது இந்திப் படம். மராட்டி நிறுவனத்தின் படம் வேறு, மராட்டிப் படம் வேறு.

மாமியார் வரும் இடம்

1941-ல் வந்த 'பாயாச்சி தாசி', இந்தியில் 'சரணோங் கீ தாசி'. மருமகளை வதைக்கும் மாமியாராக நடித்தார். இதைப் பார்க்கும்முன் ஐந்து சொற்கள் தெரிந்திருக்க வேண்டும்: சாசூ என்றால் மாமியார், சூன் என்றால் மருமகள், மாஹேர் பிறந்த வீடு, சாசர் புகுந்த வீடு, ஆயி அம்மா. பிறகு விளிகளைக் கேளுங்கள். மராட்டியில் தூ, தும்ஹீ, ஆபண் என்பவை ஏறக்குறைய நம் நீ, நீங்கள், தாங்கள். பெற்ற அம்மாவை 'ஏ ஆயி' என்று கூப்பிட்டு 'தூ' என்பார்கள்; மாமியாரை 'அஹோ ஆயி' என்று கூப்பிட்டுத் 'தும்ஹீ' என்பார்கள். ஒரே 'ஆயி'தான், முன்னால் ஒட்டும் ஒலியில் வீடு மாறிவிடுகிறது. ஆங்கில வசனவரிகளில் இந்த வித்தியாசம் முழுக்கத் தொலைந்துபோகும். அதனால் வசனவரியை மூடிவிட்டு ஒருமுறை கேட்டுத்தான் ஆக வேண்டும்.

இங்கேதான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். 1941-ன் மாமியாரிலிருந்து 1991-ல் 'மாஹேர்ச்சி சாடி'யில் உஷா நாட்கர்ணி, 2001-ல் தொடங்கிப் பத்தாண்டுக்கு மேல் ஓடிய 'சார் திவஸ் சாசூச்சே' தொடரில் ரோகிணி ஹட்டங்கடி, 2009-ல் இந்தி 'பவித்ர ரிஷ்தா'வில் மறுபடி உஷா நாட்கர்ணி என்று ஒரு கோடு இழுத்துவிடத் தோன்றும். ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் சாயல் இருப்பதாலேயே தாக்கம் ஆகிவிடாது. மாமியார் கதை நாட்டுப்பாடல்களிலும் பழமொழிகளிலும் சினிமாவுக்கு முன்பே இருந்தது. 'சார் திவஸ் சாசூச்சே' என்ற பெயரே ஒரு மராட்டிப் பழமொழியின் பாதி.

எனவே இரண்டு எழுதுகோல் வைத்துக்கொள்ளுங்கள். சாயல் மட்டும் தெரிந்தால் பென்சிலில் எழுதுங்கள். பின்வந்த கலைஞர் தன் வாயால் சொல்லியிருந்தாலோ, இருவரும் சேர்ந்து வேலை செய்திருந்தாலோ, ஒரு நிறுவனம் கைமாறி வந்திருந்தாலோ பேனாவில் எழுதுங்கள். கட்டுரையில் பேனா எழுத்தை 'தாக்கம்' என்றும் பென்சில் எழுத்தை 'ஒப்புமை' என்றும் சொல்லுங்கள்.

பேனாவில் எழுதக்கூடியது

நடிப்போடு நிற்காமல் ஃபேக்ட் பிலிம்ஸ், பிறகு துர்கா கோட்டே புரொடக்ஷன்ஸ் என்று நிறுவனங்கள் தொடங்கிக் குறும்படங்களும் விளம்பரப் படங்களும் எடுத்தார். 1988-ல் தூர்தர்ஷனில் வந்த 'வாக்லே கீ துனியா'வைத் தயாரித்தது துர்கா கோட்டே புரொடக்ஷன்ஸ்தான். கேலிச்சித்திரக்காரர் ஆர்.கே. லக்ஷ்மணின் சாமானிய மனிதன் உலகம், இயக்கம் குந்தன் ஷா. நாயகன் சீனிவாஸ் வாக்லே என்ற மராட்டிப் பெயருள்ள நடுத்தர வர்க்கத்து எழுத்தர். இந்தித் தொடர் ஒன்றில் மும்பை மராட்டிக் குடும்பம் கேலிப்பொருளாக இல்லாமல் மையமாக வந்து உட்கார்ந்தது. அதில் நடித்த அஞ்சன் ஸ்ரீவாஸ்தவும் பாரதி ஆச்ரேகரும் 2021-ல் தொடங்கிய புதிய 'வாக்லே கீ துனியா'வில் மூத்த தலைமுறையாகத் திரும்பி வந்தார்கள். அதே பெயர், அதே தம்பதி, முப்பத்துமூன்று ஆண்டு இடைவெளி. தாக்கம் என்று துணிந்து எழுதலாம்.

1988-ன் அத்தியாயம் ஒன்றையும் 2021-ன் அத்தியாயம் ஒன்றையும் அடுத்தடுத்துப் பாருங்கள். வீட்டில் யார் யாருக்குப் பதில் சொல்கிறார்கள், மனைவி எத்தனை முறை வாக்கியத்தை முடித்து வைக்கிறார் என்று மட்டும் எண்ணுங்கள். வேறு எதையும் எண்ணாதீர்கள். அதிகம் எண்ணினால் எதுவும் நினைவில் நிற்காது.

மேடையை விட்டுவிடாதீர்கள்

மும்பை மராட்டி சாகித்ய சங்கத்தோடு அவருக்கு நீண்ட உறவு உண்டு. ஷேக்ஸ்பியரின் 'மேக்பெத்'தை மராட்டி எழுத்தாளர் சிர்வாட்கர் தழுவி எழுதிய 'ராஜமுகுட்' நாடகத்தில் நடித்தார். மேடை நடிப்பைப் பார்த்து எழுத முடியாது. புகைப்படமும் விமர்சனமும்தான் கிடைக்கும். ஆகவே இந்தப் பகுதியைச் சுருக்கமாக வைத்து, இல்லாத காட்சியை வர்ணிக்காமல் விடுங்கள்.

பழைய படங்களின் பிரதிகளுக்கும் புகைப்படங்களுக்கும் புனேயில் உள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்கு, எந்தப் படம், எதற்காக என்று குறிப்பிட்டு முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். அவருடைய தன்வரலாறு மராட்டியில் 'மீ, துர்கா கோட்டே'. சாந்தா கோகலே ஆங்கிலத்தில் மொழிபெயர்த்திருக்கிறார். அதைக் கடைசியில் படியுங்கள். முதலில் படித்தால் படங்களை அவர் கண்ணாலேயே பார்க்கத் தொடங்கிவிடுவீர்கள். குறிப்பேட்டின் ஐந்து பத்திகளும் நிரம்பிய பிறகு படித்தால், அவர் சொல்வது எங்கே உங்கள் பட்டியலோடு பொருந்துகிறது, எங்கே விலகுகிறது என்று தெரியும். விலகும் ஒவ்வொரு இடத்திலும் பக்க எண்ணைக் குறித்துவைத்து, அந்தப் படத்தை மறுபடி ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.