குடல் அழற்சி நோய் உள்ளவர்கள் சிறுநீரகத்தைக் காத்துக்கொள்ளும் முறை

குடல் அழற்சி நோய்களான க்ரோன் நோயோ அல்சரேட்டிவ் கொலைடிஸோ உள்ளவர்கள் வயிற்றைக் கவனிக்கும் அளவுக்குச் சிறுநீரகத்தைக் கவனிப்பதில்லை. சிறுநீரகப் பாதிப்பு பெரும்பாலும் வலியின்றித் தொடங்குவதால், இந்த அலட்சியம் எனக்கு மிகுந்த கவலை அளிக்கிறது.

முதலில், குடலில் எந்தப் பகுதி நோயுற்றது, எது அகற்றப்பட்டது என்பதை மருத்துவக் குறிப்பில் பாருங்கள். எவ்வகைச் சிறுநீரகக் கல் உருவாகக்கூடும் என்பது அதைப் பொறுத்தது. சிறுகுடலின் கடைப்பகுதி பாதிக்கப்பட்டு, பெருங்குடல் இருப்பவர்களுக்கு ஆக்சலேட் கல் உருவாகும் வாய்ப்பு அதிகம். ஆக்சலேட் என்பது கீரை, கொட்டை போன்ற உணவுகளில் உள்ள ஒரு பொருள்; வழக்கமாக உணவிலுள்ள கால்சியம் அதைப் பிடித்து மலத்தோடு வெளியேற்றிவிடும். கொழுப்பு சரியாக உறிஞ்சப்படாதபோது கால்சியம் அதனோடு ஒட்டிக்கொள்ள, தனித்து நிற்கும் ஆக்சலேட் பெருங்குடல் வழியே இரத்தத்தில் கலந்து, சிறுநீரில் கல்லாகப் படிகிறது. ஆகவே கல்லுக்குப் பயந்து தயிரையும் மோரையும் விலக்குவது தவறு. ஒத்துக்கொள்ளுமானால் அவற்றைச் சாப்பாட்டோடு சேர்த்து உண்ணுங்கள். எண்ணெய்ப் பலகாரம், பசலைக்கீரை, பீட்ரூட், பாதாம் ஆகியவற்றைக் குறையுங்கள். வைட்டமின் சி மாத்திரையை நீங்களாக வாங்கி விழுங்காதீர்கள்.

இலியோஸ்டமி பை (சிறுகுடலை வயிற்றின் மேல் திறந்து, கழிவைச் சேகரிக்கப் பொருத்தும் பை) வைத்திருப்பவர்களுக்கு நீரும் உப்பும், அமிலத்தைச் சமன்செய்யும் பைகார்பனேட்டும் வெளியேறிவிடுவதால் சிறுநீர் அடர்ந்து அமிலத்தன்மை கூடி, யூரிக் அமிலக் கல் உண்டாகலாம். வெறும் தண்ணீரை மடமடவெனக் குடித்தால் பையில் வெளியேற்றம் கூடும். உப்பும் சர்க்கரையும் கலந்த ஓஆர்எஸ் கரைசலைச் சிறுகச் சிறுகக் குடிப்பதே பயன் தரும்.

கல் வந்தவர்கள் நாளுக்கு 2 முதல் 2.5 லிட்டர் சிறுநீர் கழிக்க வேண்டும். இது குடிக்கும் நீரின் அளவன்று. அளவுக்கோடிட்ட ஜாடியில் ஒருநாள் முழுவதும் சேகரித்துப் பார்த்தால் தெரியும். இதய நோயோ சிறுநீரகச் செயலிழப்போ உள்ளவர்கள் மருத்துவர் சொல்லும் அளவையே கொள்ள வேண்டும்.

குடல் அழற்சியைத் தணிக்கத் தரும் மெசலமைன் மாத்திரை அரிதாகச் சிறுநீரகத் திசுவில் அழற்சியை உண்டாக்கும். தொடங்கும் முன்பும், முதல் சில மாதங்களிலும், பின்னர் ஆண்டுக்கு ஒருமுறையேனும் கிரியாட்டினின் (சிறுநீரகம் வடிகட்டும் கழிவின் இரத்த அளவு) பரிசோதனை செய்து, பழைய அறிக்கைகளை அருகருகே வைத்துப் பாருங்கள். கிரியாட்டினின் 0.7 மி.கி./டெ.லி. இருந்தது 1.1 ஆக உயர்ந்தால் ஆய்வகத் தாள் இரண்டையும் இயல்பு என்றே காட்டக்கூடும். ஆனால் அந்த ஏற்றத்தை மருத்துவரிடம் கட்டாயம் காட்ட வேண்டும். மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் கூடாது. மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வாங்கிப் போடும் பழக்கம் சிறுநீரகத்துக்கும் குடலுக்கும் சேர்த்தே கேடு.

சிறுநீரோடு காற்றுக் குமிழ்களோ மலத் துணுக்குகளோ வந்தால், குடலுக்கும் சிறுநீர்ப்பைக்கும் இடையே பிஸ்டுலா எனும் தவறான பாதை உருவாகியிருக்கலாம். நுரைத்த சிறுநீரும் கால் வீக்கமும் புரதம் வெளியேறுவதைக் காட்டக்கூடும். விலாப்புற வலியோடு குளிர்காய்ச்சல் கண்டால், மறுநாள்வரை காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.