ஸ்கேன் செய்யப் போகும் ஃபிலிமுக்கு எந்த டெவலப்பர்?

கருப்பு வெள்ளை ஃபிலிமைப் பிரிண்ட் போடாமல் ஸ்கேன் மட்டும் செய்யப் போகிறீர்கள் என்றால், ஃபிலிமில் படத்தை வரவழைக்கும் ரசாயனமான டெவலப்பர்களில் என் ஓட்டு எக்ஸ்டாலுக்கு. கிரெய்ன் (படத்தில் தெரியும் மணிமணியான புள்ளிகள்) பொடியாக வரும், நிழல் பகுதியில் விவரமும் நன்றாக நிற்கும். கிடைக்கவில்லையா, டி-76 என்ற டெவலப்பர் கரைசலில் சம அளவு தண்ணீர் கலந்து ஊற்றுங்கள்; பெரிய வித்தியாசம் தெரியாது. ரோடினால் என்ற டெவலப்பர் 1891 முதல் இருக்கிற பழைய ஆள், பாட்டில் வருடக்கணக்கில் கெடாது. ஆனால் கிரெய்னைத் துளியும் கரைக்காது. 400 ஐஎஸ்ஓ ஃபிலிமை (ஐஎஸ்ஓ என்பது ஒளியுணர்திறனின் அளவு) அதில் போட்டு ஸ்கேன் செய்தால் வானம் முழுக்க ரவையைக் கொட்டியதுபோல் இருக்கும். 100 ஐஎஸ்ஓவுக்கு அழகுதான்.

டெவலப்பரைவிட, ஃபிலிம் அதில் ஊறும் நேரம்தான் முக்கியம். நேரம் கூடி நெகட்டிவ் ரொம்ப அடர்த்தியானால் ஸ்கேனரின் வெளிச்சம் ஊடுருவத் திணறும்; வெள்ளைச் சட்டை, மேகமெல்லாம் புள்ளிபுள்ளியாக வரும். இல்ஃபோர்டின் 400 ஐஎஸ்ஓ ஃபிலிமான எச்பி5 பிளஸ்ஸுக்கு, சம அளவு தண்ணீர் கலந்த டி-76-இல் (1:1) 20 டிகிரி செல்சியஸில் 11 நிமிடம் என்பது அந்த நிறுவனத்தின் கணக்கு. நான் பத்துக்குள் நிறுத்திவிடுவேன். காண்ட்ராஸ்ட்டைப் பிறகு கணினியில் ஏற்றிக்கொள்ளலாம்.

அப்புறம், ஸ்கேனரில் அகச்சிவப்புக் கதிரால் தூசியைக் கண்டுபிடித்து நீக்கும் டிஜிட்டல் ஐஸ் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். கருப்பு வெள்ளை ஃபிலிமில் படமாக நிற்கும் வெள்ளி அந்தக் கதிரை மறைப்பதால், அது படத்தையே தூசி என்று நினைத்து அழிக்கப் பார்க்கும்.