மென்பாறையில் பாலப் பைல்: விரிதாளிலேயே போட்டுப் பார்க்கலாம்

பாலத்தின் பைல், அதாவது துளையிட்டுக் கான்கிரீட் ஊற்றி அமைக்கும் அடித்தளத் தூண், மென்பாறைக்குள் இறங்கி நிற்கும்போது எவ்வளவு சுமைக்கு எவ்வளவு அமிழும்? விலையுயர்ந்த மென்பொருளைத் திறப்பதற்கு முன் ஒரு விரிதாளில் இதைக் கணக்கிட்டுப் பாருங்கள். எண்கள் கைக்குப் பழகிவிட்டால், பிறகு மென்பொருள் சொல்லும் விடையைச் சந்தேகிக்கத் தெரியும்.

நம் எடுத்துக்காட்டு: விட்டம் 1.2 மீட்டர், பாறைக்குள் இருக்கும் நீளம் 6 மீட்டர், பாறையின் அழுத்த வலிமை 2 மெகாபாஸ்கல். பைலின் கான்கிரீட்டே 30 மெகாபாஸ்கல் தாங்கும். ஆக, இங்கே பலவீனமான பொருள் பாறைதான்.

படி 1: அந்த 2 எங்கிருந்து வந்தது?

இந்தக் கேள்வியில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். மென்பாறையைத் துளைத்து உருளை வடிவ மாதிரியாக எடுக்கும்போது பாதி நொறுங்கிவிடும். உடையாமல் வந்த துண்டுதான் ஆய்வகத்துக்குப் போகிறது. அதாவது, பாறையில் தேறிய பகுதியை மட்டுமே நாம் சோதிக்கிறோம். ஆய்வக அறிக்கையின் சராசரியை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். மாதிரிப் பெட்டியின் படத்தைக் கேட்டு வாங்கி, எங்கெல்லாம் வெறும் சில்லுகளாகக் கிடக்கிறது என்று பாருங்கள். களிப்பாறையாக இருந்தால் இன்னொரு சோதனையும் உண்டு: ஒரு துண்டை இரவு முழுவதும் தண்ணீரில் போட்டு வையுங்கள். காலையில் அது கூழாகியிருந்தால், திறந்தே கிடக்கும் துளையின் சுவருக்கும் அதே கதிதான்.

படி 2: பக்கச் சுவரின் பிடிப்பு

துளையின் சுவர் பைலின் பக்கத்தை எவ்வளவு இறுகப் பிடிக்கும் என்று முதலில் பார்ப்போம். பாறை வலிமையைக் கிலோபாஸ்கலில் எழுதுங்கள்: 2000. வளிமண்டல அழுத்தமான 100ஆல் வகுத்தால் 20. அதன் வர்க்கமூலம் 4.47. மறுபடி 100ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 450 கிலோபாஸ்கல். சுவர் வழவழப்பாக இருக்கும் என்று அஞ்சினால், 1979இல் ஆய்வாளர்கள் ஹார்வத்தும் கென்னியும் தந்த 0.65 என்ற குணகத்தால் பெருக்குங்கள், 290 வரும். வர்க்கமூலம் இருப்பதில் ஓர் ஆறுதல்: வலிமையை நான்கு மடங்கு தவறாக மதிப்பிட்டாலும் பிடிப்பு இரு மடங்குதான் தவறும்.

படி 3: சுருள்வில்கள்

பிடிப்பு சும்மா கிடைப்பதில்லை. பைல் சற்று நழுவினால்தான் எழும். அதனால் சுவரையும் அடிப்பாகத்தையும், அழுந்த அழுந்த எதிர்க்கும் இரண்டு சுருள்வில்களாக எண்ணிக்கொள்வோம். சுவரின் பிடிப்பு 5 மில்லிமீட்டர் நழுவும் வரை நேர்கோடாக ஏறி, பிறகு 450இல் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அடிப்பாகத்தின் வலிமை பாறை வலிமையைப் போல் 2.5 மடங்கு, அதாவது 5 மெகாபாஸ்கல். பரப்பு 1.13 சதுர மீட்டர் என்பதால் 5.65 மெகாநியூட்டன். ஆனால் அது முழுதாகக் கிடைக்க விட்டத்தில் 5 சதவீதம், 60 மில்லிமீட்டர் அமிழ வேண்டும். சுத்தமான அடி தொடக்கத்தில் இதைவிட விறைப்பாக இருக்கும். துளைத்தூள் கொஞ்சம் தங்கியிருக்கும் என்றெண்ணி நான் தாராளம் காட்டவில்லை.

படி 4: அடியிலிருந்து மேலே

பைலை ஒரு மீட்டர் துண்டுகளாக ஆறாக வெட்டுங்கள். அடி 2 மில்லிமீட்டர் இறங்கியது என்று ஊகியுங்கள். அடியின் பங்கு 5.65 × 2 ÷ 60 = 0.19 மெகாநியூட்டன். கடைசித் துண்டின் சுவர் 450 × 2 ÷ 5 = 180 கிலோபாஸ்கல் தருகிறது; சுற்றுப்பரப்பு 3.77 சதுர மீட்டர், ஆகவே 0.68 மெகாநியூட்டன். துண்டின் உச்சியில் சுமை 0.87, சராசரி 0.53. இதைக் கான்கிரீட்டின் மீள்குணகம் (விறைப்பின் அளவு) 30 ஜிகாபாஸ்கலையும் பரப்பையும் பெருக்கி வரும் 33,900 மெகாநியூட்டனால் வகுத்தால், துண்டு 0.016 மில்லிமீட்டர் சுருங்குகிறது. அடுத்த துண்டை 2.016இல் தொடங்குங்கள்.

ஆறு வரிசையும் முடிந்தால் பைலின் தலையில், அதாவது மேல்முனையில், சுமை சுமார் 4.5 மெகாநியூட்டன், அமிழ்வு 2.4 மில்லிமீட்டர். அதில் அடியின் பங்கைப் பாருங்கள்: வெறும் 4 சதவீதம்! அன்றாடச் சுமையில் ஏறக்குறைய முழுவதையும் சுவர்தான் சுமக்கிறது.

படி 5: வளைவு

ஊகத்தை 1, 3, 5, 10 என்று மாற்றி மாற்றிப் போட்டு வரைபடம் எடுங்கள். தலை 6 மில்லிமீட்டர் அமிழும்போது, 10.6 மெகாநியூட்டன் அருகே கோடு சட்டென்று மடியும். சுவரின் 10.2ஐயும் அடியின் 5.65ஐயும் கூட்டி 15.8 தாங்கும் என்று எழுதுவது புதியவர்களின் வழக்கமான பிழை, நானும் செய்திருக்கிறேன். அந்த எண்ணை எட்ட 60 மில்லிமீட்டருக்கு மேல் அமிழ வேண்டும். அதற்குள் சில பாறைகளில் சுவரின் பிடிப்பே உச்சத்திலிருந்து சரிந்துவிடும். அப்படிச் சரியும் வளைவையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

பக்கவாட்டு விசைக்கும் இதே உத்திதான், வில்களைக் குறுக்கே வைக்க வேண்டும். அது தனிப் பதிவுக்கு உரியது.

படி 6: சோதனையோடு ஒப்பிடுதல்

1980களில் ஜோர்ஜ் ஆஸ்டர்பெர்க் உருவாக்கிய முறையில், பைலுக்குள் புதைத்த ஜாக்கி மேலேயும் கீழேயும் ஒரே நேரத்தில் தள்ளும். அதனால் சுவரும் அடியும் தனித்தனி வளைவாகக் கிடைக்கும். அவற்றை உங்கள் இரண்டு வில்களோடு நேரடியாக ஒப்பிடலாம். சுவர் வளைவு உங்களுடையதைவிடத் தாழ்ந்திருந்தால் 450ஐக் குறைப்பதற்கு முன் துளையிட்ட நாளின் பதிவேட்டைப் புரட்டுங்கள்: துளை முடிந்து எத்தனை மணி நேரம் கழித்துக் கான்கிரீட் இறங்கியது, சுவரைச் சுரண்டினார்களா என்று.