கரி பாய்லரில் ஸ்டீம் ஏறவில்லையா? கிரேட்டிலும் காற்றிலும் நடக்கிற தவறுகள்

காலையில் சாயப்பட்டறையில் எல்லா மெஷினும் ஒரே நேரத்தில் ஸ்டீம் இழுக்க ஆரம்பித்ததும் பிரஷர் முள் இறங்கும். பாய்லர் ரூமில் உடனே இரண்டு காரியம் நடக்கும். கதவைத் திறந்து மம்பட்டி மம்பட்டியாக நிலக்கரியை உள்ளே தள்ளுவார்கள், எஃப்.டி. ஃபேன் (உலைக்குள் காற்றைத் தள்ளுகிற ஃபேன்) டாம்பரை, அதாவது காற்றைக் கூட்டிக் குறைக்கிற தகட்டை, முழுசாகத் திறந்துவிடுவார்கள். இரண்டுமே அந்த நேரத்தில் பிரஷரை இன்னும் கீழேதான் இறக்கும். புதுக் கரி முதலில் தன் ஈரத்தைக் காய வைக்கவே தணலின் சூட்டை உறிஞ்சும், காற்று வருகிற வழியையும் மூடும். அப்போது ஃபேன் தள்ளுகிற கூடுதல் காற்று கரி மெலிசாக இருக்கிற ஏதாவது ஒரு மூலையில் ஓட்டை போட்டுக்கொண்டு எரியாமலே சிம்னிக்குப் போய்விடும், போகும்போது உலையின் சூட்டையும் அள்ளிக்கொண்டு.

நான் இங்கே பேசுவது கையால் கரி போடுகிற, நிலையான கிரேட் (கரி எரிகிற, இடைவெளி விட்டு இரும்புப் பார்கள் அடுக்கிய தட்டி) உள்ள சின்ன பாய்லர்களைப் பற்றி. திருப்பூர், ஈரோடு, பெருந்துறை பக்கம் சாயப்பட்டறைகளிலும் அரிசி ஆலைகளிலும் பார்க்கிற வகை. அங்கே நிறையப் பேர் எரிப்பது தூத்துக்குடி துறைமுகம் வழியாக வருகிற இந்தோனேசியக் கரி. செயின் கிரேட் (சங்கிலிபோல நகருகிற கிரேட்), எஃப்.பி.சி. (கீழிருந்து ஊதும் காற்றில் மிதக்கிற படுகையில் கரி எரிகிற) பாய்லர்களுக்கு அடிப்படை ஒன்றுதான் என்றாலும் நடைமுறை வேறு, அதை இதோடு குழப்ப வேண்டாம்.

முதலில் ஒரு கணக்கு, இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். ஒரு கிலோ கார்பன் முழுசாக எரிந்து கார்பன் டை ஆக்சைடாக மாறினால் சுமார் 8,084 கிலோ கலோரி கிடைக்கும். அதே ஒரு கிலோ பாதியில் நின்று கார்பன் மோனாக்சைடாகப் போனால் கிடைப்பது 2,430 தான். அதாவது காசு கொடுத்து வாங்கிய கார்பனின் சூட்டில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் சிம்னி வழியாக ஆகாயத்துக்குப் போகிறது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை, அதனால் புகை வரவில்லை என்றாலே நன்றாக எரிகிறது என்று அர்த்தமாகாது.

இந்த மாதிரிக் கரி ஒரு கிலோ முழுசாக எரிய, ஏறக்குறைய 6, 7 கிலோ காற்று வேண்டும். கன அளவில் சொன்னால் ஐந்து, ஆறு கன மீட்டர். அது போய்ச் சேர வேண்டிய இடமும் ஒன்றல்ல. இந்தோனேசியக் கரியில் 40 சதவீதத்தை ஒட்டி ஆவியாகும் பொருள் இருக்கும். சூடு பட்டதும் அது வாயுவாகக் கிளம்பித் தணலுக்கு மேலே, காலி இடத்தில்தான் எரியும். கிரேட் மேல் உட்கார்ந்து எரிவது மிச்சமிருக்கிற கெட்டிக் கார்பன் மட்டும். ஆக, கிரேட்டுக்குக் கீழே ஒரு காற்று, தணலுக்கு மேலே ஒரு காற்று. நான் பார்க்கிற தவறுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதால் வருகிறவை.

கரியை மலை மாதிரி குவிப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. கீழிருந்து வரும் காற்றில் உள்ள ஆக்சிஜன் தணலின் முதல் சில அங்குலத்திலேயே தீர்ந்துவிடும், அங்கே கார்பன் டை ஆக்சைடு உண்டாகும். அதற்கு மேலும் சிவந்த கரி அடுக்கு இருந்தால் அந்தக் கார்பன் டை ஆக்சைடு கரியோடு மறுபடி சேர்ந்து கார்பன் மோனாக்சைடாக மாறும், அப்படி மாறும்போது தணலின் சூட்டையும் எடுத்துக்கொள்ளும். கரியை எரிவாயுவாக மாற்றுகிற கேஸிஃபையரில் வேண்டுமென்றே செய்கிற வேலை இது. பாய்லரில் இதைச் செய்துவிட்டு மேலே காற்றும் கொடுக்கவில்லை என்றால் மொத்தமும் வீண். தணல் மேல் நீல நிறத்தில் சின்னச் சின்ன ஜுவாலை ஆடுகிறதென்றால் கார்பன் மோனாக்சைடு மேலே வந்து எரிகிறது என்று அர்த்தம், அடுக்கு தடித்துவிட்டது.

கையால் போடுகிற கிரேட்டில் 4 முதல் 6 அங்குலத் தணல் போதும், தூள் அதிகமான கரியாக இருந்தால் இன்னும் மெலிசாக. கொஞ்சமாக, அடிக்கடி போட வேண்டும். அடிக்கடி கதவைத் திறந்தால் குளிர்ந்த காற்று உள்ளே போகுமே என்று கேட்பார்கள், கேள்வி நியாயம்தான், அதனால்தான் கரியை வாசலிலேயே தயாராக வைத்துக்கொண்டு நாலைந்து மம்பட்டியைச் சட்டென்று வீசிவிட்டுக் கதவைச் சாத்திவிட வேண்டும். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு குவியலுக்கும் பாய்லருக்கும் நடப்பதுதான் நஷ்டம்.

எங்கே வீசுகிறோம் என்பதும் முக்கியம். கிரேட் முழுவதும் ஒரே சமயத்தில் மூடிவிட்டால் கிளம்புகிற வாயுவைப் பற்ற வைக்க ஜுவாலையே இருக்காது, கொத்தாகக் கறுப்புப் புகை வரும். இடது பாதிக்கு இந்த முறை, வலது பாதிக்கு அடுத்த முறை என்று மாற்றி மாற்றிப் போட்டால் ஒரு பக்கம் எப்போதும் பளிச்சென்று எரிந்துகொண்டிருக்கும், அது மறுபக்கத்து வாயுவைப் பற்ற வைக்கும். இன்னொரு முறை, கதவுக்குப் பக்கத்தில் மட்டும் போட்டு, வாயு போய்க் கரி சிவந்ததும் பின்னால் தள்ளிப் பரப்புவது. வாயு பின்னால் இருக்கும் தணலைத் தாண்டித்தான் வெளியே போக வேண்டும், அதனால் வழியிலேயே எரிந்துவிடும். கட்டியாக ஒட்டிக்கொள்கிற கரிக்கு இது நல்ல முறை.

அப்புறம் மேல் காற்று. நிறைய பாய்லர்களில் கதவில் சின்ன ஷட்டரோ துளைகளோ இருக்கும், பாதி இடங்களில் அது துருப்பிடித்து இறுகிப் போயிருக்கும், அது எதற்கு என்று கேட்டால் எட்டிப் பார்க்க என்று பதில் வரும். புதுக் கரி போட்டதும் முதல் சில நிமிடம்தான் வாயு அதிகமாகக் கிளம்பும், அந்த நேரத்தில் ஷட்டரைத் திறந்து வைக்க வேண்டும், புகை தெளிந்ததும் குறைத்துவிட வேண்டும். நீராவி ரயில் எஞ்சின்களில் ஃபயர்மேன்கள் கரி போட்டபின் கதவைக் கொஞ்ச நேரம் லேசாகத் திறந்து வைத்திருந்ததும் இதற்காகத்தான். மேல் காற்று மந்தமாக நுழைந்தால் போதாது, வேகமாக வந்து வாயுவோடு கலக்க வேண்டும். வாயு சூடாக இருக்கும்போதே கலக்க வேண்டும், ஏனென்றால் கார்பன் மோனாக்சைடு தானாகப் பற்ற சுமார் 600 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேண்டும். ஜுவாலை ட்யூபின் குளிர்ந்த உலோகத்தைத் தொட்டதும் எரிவது நின்றுபோகும், எரியாதது கரிப்புகையாக அங்கேயே ஒட்டிக்கொள்ளும்.

இப்போது எனக்கு மிகவும் ஆற்றாமை தருகிற விஷயத்துக்கு வருகிறேன்: கடப்பாரை. தீ மந்தமாகத் தெரிந்தால் மேலிருந்து கடப்பாரையை விட்டுக் குத்திக் கிளறுவது ஒரு பழக்கமாகவே இருக்கிறது. சாம்பல் அடியில், கிரேட்டை ஒட்டி இருக்கும்வரை கீழிருந்து வரும் காற்று அதைக் குளிர்வித்துக்கொண்டே இருக்கும். கிளறி அதைத் தணலின் நடுவே, அதிக சூடான இடத்துக்குக் கொண்டு போனால் உருகும். உருகிய சாம்பல் கீழே வழிந்து இறுகினால் அதுதான் கிளிங்கர். ஆக்சிஜன் குறைவான இடத்தில், சாம்பலில் இரும்பு இருந்தால், இன்னும் குறைந்த சூட்டிலேயே உருகிவிடும். ஆகவே தடித்த தணலும் கிளறலும் சேர்ந்தால் கிளிங்கர் நிச்சயம். ஒரு தடவை கிளிங்கர் தகடு மாதிரி படர்ந்துவிட்டால் காற்று அதன் ஓரங்களில் மட்டும் பீறிட்டு வரும், அந்த இடம் அளவுக்கு மீறிச் சூடாகும், அங்கேயும் கிளிங்கர் விளையும். இப்படியே கிரேட் முழுவதும் போய்விடும்.

கம்பியைத் தட்டையாக, கிரேட் பாரை ஒட்டியே உள்ளே செலுத்தி, லேசாக நெம்பிச் சாம்பலைக் கீழே விழ வைத்தால் போதும். அடுக்கு மேல்கீழாகப் புரளக் கூடாது. கிளிங்கர் ஏற்கனவே பிடித்திருந்தால் உடைத்து உள்ளேயே விடாமல் வெளியே இழுத்துவிட வேண்டும், லோடு குறைவான நேரத்தில், ஒரு பாதி முடித்து மறு பாதி என்று.

கிரேட்டின் நிலைமை தெரிய ஒரு நல்ல வழி, சாம்பல் குழியைக் குனிந்து பார்ப்பது. பார்களுக்கு நடுவே வெளிச்சம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி விழுந்தால் தீ சீராக இருக்கிறது. இருட்டாக இருக்கிற இடத்துக்கு மேலே கிளிங்கர் அல்லது சாம்பல் அடைப்பு. கண்ணைப் பறிக்கிற வெளிச்சம் ஒரே இடத்தில் தெரிந்தால் அங்கே தணலில் ஓட்டை, அந்த இடத்தில் கொஞ்சம் கரியைப் பரப்பினால் சரியாகும். ஃபேனைத் தொடுவதற்கு முன் இதைப் பார்த்துவிட வேண்டும், மீட்டரும் வேண்டாம் செலவும் இல்லை.

சாம்பல் குழி நிறைந்து பார் அடிவரை வந்துவிட்டதென்றால் காற்றுக்கு வழியில்லை என்பதோடு பாரும் போய்விடும். வார்ப்பிரும்பு பாரைக் காப்பாற்றுவது கீழிருந்து வரும் குளிர்ந்த காற்றுதான். மேலே தணல், கீழே கனன்ற சாம்பல் என்று நடுவில் மாட்டினால் பார் வளைந்து தொய்ந்துவிடும். "பார் மட்டமான சரக்கு, ஆறு மாசம்கூட வரல" என்று புகார் சொல்கிற இடங்களில் முதலில் குழியைச் சுத்தம் செய்கிற நேரத்தை விசாரிக்க வேண்டும். ஆனால் இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. சுத்தம் செய்கிறேன் என்று கிரேட் மேலிருக்கிற சாம்பலை ஒட்டத் துடைத்துவிடுவார்கள். இரண்டு அங்குலம்போல ஒரு மெல்லிய சாம்பல் படுகை இருப்பது நல்லது, அது பாருக்கும் தணலுக்கும் நடுவில் பாதுகாப்பு, காற்றையும் பரவலாக்கிக் கொடுக்கும்.

விறகு பாய்லரில் கரி எரிப்பது அடுத்தது. சீமைக் கருவேல விறகு விலை ஏறும்போது கரிக்கு மாறுவார்கள், கரி ஏறும்போது திரும்பி வருவார்கள், கிரேட்டை மட்டும் யாரும் மாற்ற மாட்டார்கள். விறகில் ஆவியாகும் பொருள் முக்கால் பங்குக்கு மேல், அதனால் அதற்கு மேல் காற்றும் பெரிய எரியறையும்தான் முக்கியம், பார்களின் இடைவெளியும் அகலமாக இருக்கும். அந்த இடைவெளியில் கரி எரியாமலே கொட்டும். குழியில் கறுப்பாகக் கரித் துண்டுகள் கிடந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். கரிக்குத் தகுந்த இடைவெளியுள்ள பாரோ, துளையுள்ள தட்டு கிரேட்டோ போட்டுவிட்டு, கீழ்க் காற்றுக்கும் மேல் காற்றுக்கும் உள்ள பங்கையும் மாற்றியாக வேண்டும்.

கரியின் அளவைப் பற்றிச் சுருக்கமாக: ஃபேன் வைத்துக் கையால் போடுகிற கிரேட்டுக்கு 25 முதல் 40 மில்லிமீட்டர், ஃபேன் இல்லாமல் சிம்னி இழுப்பில் மட்டும் ஓடுவதற்கு 25 முதல் 75 மில்லிமீட்டர். பெரிய கட்டியும் தூளும் கலந்து போட்டால் தூள் இருக்கிற இடம் அடைத்துக்கொள்ளும், கட்டி இருக்கிற இடத்தில் காற்று ஓடும். சல்லடை போடுவது அலுப்பான வேலைதான், ஆனால் அதற்கு ஈடு இல்லை. தூள் ரொம்ப இருந்தால் அளவாகத் தண்ணீர் தெளித்தால் தூள் கட்டியோடு ஒட்டிக்கொள்ளும், இழுப்பில் பறக்காது. அளவாக என்பதை அழுத்திச் சொல்கிறேன், ஊற்றுகிற ஒவ்வொரு லிட்டரையும் ஆவியாக்கக் கரிதான் செலவாகிறது. ஏற்கனவே ஈரமாக இருக்கிற கரிக்குத் தண்ணீரே வேண்டாம்.

வேண்டாத வழியில் நுழைகிற காற்றைப் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை. கதவு ஓரம், செங்கல் விரிசல், மேன்ஹோல் மூடி, ஐ.டி. ஃபேனுக்கு (உலையிலிருந்து புகையை இழுத்துச் சிம்னிக்கு அனுப்புகிற ஃபேன்) முன்னாலுள்ள டக்ட் இணைப்பு, இங்கெல்லாம் ஒரு ஊதுபத்தியைக் காட்டிப் பாருங்கள், புகை உள்ளே இழுபட்டால் அங்கே ஓட்டை. ஃபயர் கிளேயோ (சூடு தாங்குகிற களிமண்) ஆஸ்பெஸ்டாஸ் இல்லாத கயிறோ வைத்து அடைத்துவிடலாம். இதைச் செய்யாமல் ஃபேனை அட்ஜஸ்ட் பண்ணி ஒரு பலனும் இல்லை.

ஃபேனை எவ்வளவு வைப்பது என்பதற்கு சிம்னி வாயுவில் ஆக்சிஜன் அளந்தால் தெளிவாகத் தெரியும். ஆக்சிஜன் சதவீதத்தை, 21-லிருந்து அதைக் கழித்து வருகிற எண்ணால் வகுத்து நூறால் பெருக்கினால் அதிகப்படியான காற்றின் அளவு. ஆக்சிஜன் 7 என்றால் 50 சதவீதம் அதிகம், 12 என்றால் 133 சதவீதம் அதிகம். கையால் போடுகிற கிரேட்டில் 7, 8-ல் வைத்திருந்தால் நல்ல ஆபரேட்டர் என்பேன். மீட்டர் இல்லாத இடத்தில் சிம்னியைப் பார்க்க வேண்டும்: கரி போட்டதும் லேசான சாம்பல் நிறப் புகை வந்து சீக்கிரம் தெளிந்தால் சரி, கறுப்பு விடாமல் வந்தால் மேல் காற்று போதவில்லை, புகையே இல்லாமல் சிம்னி சூடு மட்டும் ஏறிக்கொண்டே போய் ஸ்டீமும் வரவில்லை என்றால் காற்று மிஞ்சிவிட்டது. சிம்னி சூடு ஒவ்வொரு 22 டிகிரி ஏறும்போதும் திறன் சுமார் 1 சதவீதம் குறையும். ட்யூபில் படிகிற கரிப்புகையும் இதே சூட்டை ஏற்றும். 3 மில்லிமீட்டர் படிந்தாலே எரிபொருள் செலவு சுமார் 2.5 சதவீதம் கூடும், எனவே ஃபேன் மேல் பழி போடுவதற்கு முன் ட்யூபைப் பிரஷ் போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

கடைசியாக, கரி நஷ்டத்தோடு நிற்காமல் ஆளுக்கே ஆபத்தாகிற தவறு. ராத்திரி தீயை அடக்கி வைக்கிறேன் என்று கிரேட் முழுக்கப் புதுக் கரியைக் கொட்டி, சிம்னிக்குப் போகிற வழியிலுள்ள டாம்பரையும் இறுக்கி மூடிவிட்டால், கிளம்புகிற வாயு போக வழியில்லாமல் உள்ளேயே நிறையும். காலையில் கதவைத் திறந்ததும் காற்று கலந்து குபீரென்று முகத்துக்கு நேரே பற்றும். பாய்லர் ரூமுக்குள் கசிந்தால் கார்பன் மோனாக்சைடு, மூடிய அறையில் தூங்குகிறவரை எழுப்பாமலே கொன்றுவிடும். அதனால் அடக்கும்போது தணலைப் பின்னால் ஒதுக்கி, அதன் முன் ஓரத்தில் மட்டும் கரி போட்டு, ஒரு பகுதி சிவப்பாகத் தெரியும்படி விடுங்கள், டாம்பரில் கொஞ்சம் இடைவெளி எப்போதும் இருக்கட்டும், அறை ஜன்னல் திறந்திருக்கட்டும், அங்கே யாரும் படுக்க வேண்டாம். கதவைத் திறப்பதற்கு முன் எஃப்.டி. ஃபேனை நிறுத்தி, டாம்பரைத் திறந்து ஐ.டி. ஃபேன் இழுக்க நேரம் கொடுத்து, பக்கவாட்டில் நின்றுகொண்டு முதலில் ஒரு விரல் அளவு மட்டும் திறந்து, கொஞ்சம் பொறுத்து, அப்புறம் முழுசாகத் திறக்க வேண்டும்.