காலேஜ் மலருக்கு வரலாறு எழுதுற வேலை தலையில விழுந்தா என்ன பண்ணணும்

உங்க காலேஜுக்கு 50ஆவது வருஷமோ 75ஆவது வருஷமோ வருது, ஓல்டு ஸ்டூடண்ட்ஸ் மீட்டிங்ல யாரோ ஒரு அக்கா "நீதான் நல்லா எழுதுவியே, ஹிஸ்டரி பார்ட்டை நீயே பாத்துக்கோ"ன்னு சொல்லிட்டு போண்டா சாப்பிடப் போயிட்டாங்க. எனக்கு அப்படித்தான் வந்து சேந்துச்சு. நான் படிச்சது ஒரு லேடீஸ் காலேஜ், பேரு வேணாம், ஏன்னா கீழ கொஞ்சம் குறை சொல்லப் போறேன். ஆறு மாசம் அலைஞ்சு கத்துக்கிட்டதை எழுதி வைக்கிறேன், அடுத்து மாட்டப்போற யாருக்காச்சும் உதவும்.

முதல்ல, பழைய மலரை எடுத்து அதையே திருப்பி எழுதாதீங்க. எல்லா மலர்லயும் ஒரே சமையல்தான், இன்னார் முதல்வரா இருந்தாங்க, இன்ன பிளாக்கை இன்ன மினிஸ்டர் திறந்து வெச்சார், ஆடிட்டோரியம் கட்டினாங்க, அவ்ளோதான். அதை யாரும் படிக்கிறதில்ல, நேரா குரூப் போட்டோ பக்கத்துக்குப் போய் தன் மூஞ்சி இருக்கான்னு தேடுவாங்க. அதனால நோட்டு புக்கோட முதல் பக்கத்துல ஒரே ஒரு கேள்வியை எழுதி வெச்சுக்கோங்க: இந்த காலேஜ் வரலேன்னா அந்த ஊர் பொண்ணுங்க எங்க போயிருப்பாங்க?

சென்னையையே எடுத்துக்கோங்க. 1911ல ஆர்.எஸ். சுப்புலட்சுமி பி.ஏ. முடிச்சாங்க, சின்ன வயசுலயே விதவையானவங்க, மெட்ராஸ் மாகாணத்துல பட்டம் வாங்கின முதல் இந்துப் பெண். அவங்க படிச்சது பிரெசிடென்சி காலேஜ், பசங்களோட ஒரே கிளாஸ்ல. எத்தனை வீட்டுல அதுக்கு ஒத்துக்குவாங்க சொல்லுங்க? மூணு வருஷம் கழிச்சு 1914 ஜூலைல அதே மெரினா ரோட்ல, ஹோட்டலா இருந்த கேப்பர் ஹவுஸ்ல, பொண்ணுங்களுக்குன்னு கவர்மெண்டே ஒரு காலேஜ் ஆரம்பிச்சுது. முதல் முதல்வர் டொரதி டி லா ஹே, சேந்தது 37 பேர். 1917ல அதுக்கு குயின் மேரிஸ்னு பேரு மாத்தினாங்க. பிரெசிடென்சியில சுப்புலட்சுமியை முதல்ல காட்டிட்டு அப்புறம் கேப்பர் ஹவுஸுக்கு வந்தீங்கன்னா அந்த 37ங்கிற நம்பரே வேற மாதிரி தெரியும், சும்மா "37 மாணவியருடன் தொடங்கப்பட்டது"ன்னு எழுதினா அது பஸ் நம்பர் மாதிரி கடந்து போயிடும்.

அடுத்தது வருஷச் சண்டை, இது எல்லா இடத்துலயும் வரும். எங்க காலேஜ் ஆர்ச்சுல ஒரு வருஷம், லெட்டர்பேடுல ஒரு வருஷம், ரெண்டுக்கும் மூணு வருஷம் வித்தியாசம், இன்விடேஷன் அடிச்சதுக்கப்புறம்தான் ஒரு ரிட்டயர்ட் மேடம் போன் பண்ணி கத்தினாங்க. விஷயம் என்னன்னா ரெண்டுமே சரிதான். நிறைய காலேஜ் ஸ்கூலா பிறந்து மெதுவா காலேஜா வளந்தது. கல்கத்தா பெத்யூன் பாருங்க, ஸ்கூல் 1849, காலேஜ் கிளாஸ் 1879, அதுவும் காதம்பினி பாசுங்கிற ஒரே ஒரு ஸ்டூடண்டை வெச்சு. 1883ல காதம்பினியும் சந்திரமுகி பாசுவும் பட்டம் வாங்கினப்ப இந்தியாவுல பட்டம் வாங்கின முதல் பெண்களே அவங்கதான். லக்னோ இசபெல்லா தோபர்ன் காலேஜும் அப்படித்தான், 1870ல ஆறு பொண்ணுங்களோட ஸ்கூல், 1886ல காலேஜ். அதனால ஸ்கூல் எப்போ, டிகிரிக்கு முன்னாடி காலேஜ்லயே நடந்த இன்டர்மீடியட் இல்லன்னா பியூசி எப்போ, டிகிரி அஃபிலியேஷன், அதாவது யூனிவர்சிட்டி இணைப்பு, எப்போன்னு தனித்தனியா எழுதுங்க, எது "ஆரம்பம்"னு கமிட்டி முடிவு பண்ணிக்கட்டும், அந்தச் சண்டைக்குள்ள நீங்க போகாதீங்க. இன்னொண்ணு, 1978 வாக்குல ஸ்டூடண்ட்ஸ் எண்ணிக்கை திடீர்னு விழுந்த மாதிரி தெரிஞ்சா பதறிப்போயி "சரிவு காலம்"னு எழுதிடாதீங்க, அப்பதான் பிளஸ் டூ வந்து பியூசி காலேஜை விட்டுப் போச்சு, நான் அப்படி எழுதிட்டு அசிங்கப்பட்டேன்.

இதெல்லாம் எங்க கிடைக்கும்? யூனிவர்சிட்டி கேலண்டர்னு வருஷா வருஷம் தடியா ஒரு புக் போடுவாங்க, எந்த காலேஜ் எந்த கோர்ஸுக்கு எப்போ அஃபிலியேட் ஆச்சுன்னு அதுல பார்க்கலாம். எழும்பூர்ல தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கு, பழைய கல்வித்துறை ஜி.ஓ., அதாவது அரசாணை, எல்லாம் அங்கதான், போறதுக்கு முன்னாடி காலேஜ் லெட்டர் ஒண்ணு வாங்கிட்டுப் போங்க, ஒரே நாள்ல எல்லாம் கைக்கு வந்துடும்னு கனவு காணாதீங்க. கன்னிமாரா லைப்ரரியும் பக்கத்துலயே. தரமணி ரோஜா முத்தையா நூலகத்துல பழைய தமிழ்ப் பத்திரிகைங்க இருக்கு, பொண்ணுங்க படிப்பைப் பத்தி அந்தக் காலத்துல என்னெல்லாம் எழுதினாங்கன்னு படிச்சா சிரிப்பும் வரும் கோவமும் வரும். ஆனா பெஸ்ட் சரக்கு உங்க காலேஜ்லயே, ஆபீஸுக்குப் பின்னாடி உடைஞ்ச பெஞ்ச் போட்டு வெச்சிருக்கிற ரூம்லதான் இருக்கும். சாவி யார்கிட்டன்னு பிரின்சிபாலைக் கேக்காதீங்க, அட்டெண்டர் அண்ணனைக் கேளுங்க.

எங்க ரூம்ல கிடைச்சது பழைய அட்மிஷன் ரிஜிஸ்டர். முதுகு பிஞ்சு, ஓரமெல்லாம் பூச்சி அரிச்சு, தொட்டா தூள் கொட்டுது. பேரு, பிறந்த தேதி, அப்பா பேரு, அப்பா தொழில், முன்னாடி படிச்ச ஸ்கூல், கடைசில காலேஜை விட்ட தேதி, விட்ட காரணம். நான் பேரு இருந்த கட்டத்தைத்தான் பாத்துக்கிட்டு வந்தேன், யாராச்சும் பெரிய ஆளா வந்திருக்காங்களான்னு. கூட வந்த பொண்ணு, செகண்ட் இயர் படிக்கிறா, அவதான் "அக்கா, விட்ட காரணம்ங்கிற கட்டத்தைப் பாருங்க"ன்னா. கோர்ஸ் முடிந்தது, திருமணம், திருமணம், கோர்ஸ் முடிந்தது, திருமணம், தந்தை இடமாற்றம், திருமணம். ஒரே கையெழுத்து, ஒரே நீல இங்க். அந்தப் பக்கத்தை போட்டோ எடுத்து பேரை மறைச்சு அப்படியே மலர்ல போட்டோம், 120 பக்கத்துல ஜனங்க பேசினது அந்த ஒரு பக்கத்தைப் பத்திதான். போன்ல எடுக்கிறப்ப ஃபிளாஷ் போடாதீங்க, ஜன்னல் வெளிச்சம் போதும், பக்கத்தைத் திருப்ப எச்சில் தொடாதீங்க, பிஞ்ச இடத்துல செலோ டேப் ஒட்டவே ஒட்டாதீங்க.

காலேஜோட மிஷன், அதாவது நோக்கம், பத்தி எழுதுறதுலதான் எல்லாரும் வழுக்கி விழறது. "பெண்களுக்கு அதிகாரமளித்தல், முழுமையான ஆளுமை வளர்ச்சி"ன்னு இன்னைக்கு வெப்சைட்ல இருக்கிறதை ஆரம்பிச்ச நாள்லயே சொன்ன மாதிரி எழுதிடுவாங்க. அப்படிப் பண்ணாதீங்க. காசு யார் போட்டாங்கன்னு பாருங்க, நோக்கம் அதுலயே தெரிஞ்சிடும். குயின் மேரிஸ் கவர்மெண்ட் காசு. அடுத்த வருஷமே, 1915ல ஆரம்பிச்ச விமன்ஸ் கிறிஸ்டியன் காலேஜுக்கு இங்கிலாந்து, அமெரிக்கா, கனடாவோட கிறிஸ்தவ மிஷன் சங்கங்க 12 சேந்து காசு போட்டாங்க, எலினார் மெக்டூகல் முதல்வர், 41 ஸ்டூடண்ட்ஸ், மறுவருஷம் நுங்கம்பாக்கம் டவ்டன் ஹவுஸுக்கு வந்தாங்க. தான் ஏத்தின விளக்கால அடுத்தவங்க விளக்கையும் ஏத்தணும்ங்கிறதுதான் அவங்க மோட்டோவோட அர்த்தம், அதுல மதமும் இருக்கு, டீச்சரும் டாக்டரும் வேணும்ங்கிற ஊர்த் தேவையும் இருக்கு, ரெண்டையும் எழுதணும், ஒண்ணை மறைச்சா பொய். எத்திராஜ் காலேஜ் 1948ல ஒரு வக்கீல் சம்பாதிச்ச சொந்தக் காசு. பாளையங்கோட்டை சாராள் டக்கர் காலேஜுக்குப் பேரு கொடுத்த சாராள் டக்கர் கதை தெரியுமா, அந்தம்மா உடம்பு முடியாதவங்க, இந்தியாவுக்கு வந்ததே இல்ல, இங்க மிஷனரியா இருந்த கூடப்பிறந்தவர் மூலமா நம்ம ஊர் பொண்ணுங்களைப் பத்திக் கேள்விப்பட்டு அங்கிருந்தே உதவி பண்ணினவங்க. இப்படி ஒண்ணு உங்க காலேஜுக்கும் இருக்கும். நன்கொடை ரசீது புக்கைத் தேடுங்க, பெரிய முதலாளி பேருக்குக் கீழ அஞ்சு ரூபா பத்து ரூபா கொடுத்தவங்க பேரும் வரும்.

பழைய ஸ்டூடண்ட்ஸைப் பேட்டி எடுக்கிறப்ப "உங்கள் கல்லூரி அனுபவம் பற்றி"ன்னு மைக்கை நீட்டினீங்கன்னா "பொற்காலம்மா"ன்னு ஒரு வார்த்தைல முடிச்சிடுவாங்க. சின்னதா கேளுங்க. காலேஜுக்கு எப்படி வந்தீங்க பாட்டி, பஸ்ஸா ஜட்காவா? மெஸ்ல ஞாயித்துக்கிழமை என்ன போடுவாங்க? வீட்டு லெட்டரை வார்டன் பிரிச்சுப் படிச்சுட்டுத்தான் தருவாங்களா? இந்தக் கடைசிக் கேள்விக்கு ஒரு பாட்டி நிமிந்து உக்காந்து அரை மணி நேரம் பேசினாங்க, அதுவரைக்கும் தூங்கி வழிஞ்சவங்க. பக்கத்துல மகனோ மருமகளோ உக்காந்திருந்தா கொஞ்ச நேரம் தனியா பேசப் பாருங்க, அவங்க இருந்தா பாதி விஷயம் வெளிய வராது. ரெக்கார்ட் பண்றதுக்கு முன்னாடி கேட்டுடுங்க, அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி அவங்க பகுதியை அவங்களுக்கே படிச்சுக் காட்டுங்க.

ஆளைத் தேடறப்ப இன்னொரு தொல்லை இருக்கு, இனிஷியல். ரிஜிஸ்டர்ல அப்பா இனிஷியல், இப்ப வீட்டுக்காரர் இனிஷியல், எஸ். கமலான்னு தேடுவீங்க, அவங்க ஆர். கமலாவா மாம்பலத்துல இருப்பாங்க. ரெண்டையும் சேத்து லிஸ்ட் போட்டு வெச்சுக்கோங்க, மலர்ல எது வரணும்னு அவங்களையே கேளுங்க.

சண்டை சச்சரவை விட்டுடாதீங்க. கமிட்டி "நெகட்டிவ் வேணாமே"ன்னு சொல்லும். 2003ல குயின் மேரிஸை இடிச்சுட்டு புது தலைமைச் செயலகம் கட்டறோம்னு அரசாங்கம் சொன்னப்ப அந்தப் பொண்ணுங்க கேம்பஸ்ல உக்காந்து போராடினாங்க, கடைசில அந்தத் திட்டம் கைவிடப்பட்டுச்சு. அதை எழுதாம அந்த காலேஜ் வரலாறை எப்படி எழுதுவீங்க? உங்க காலேஜ்ல ஹாஸ்டல் சாப்பாட்டு ஸ்ட்ரைக் நடந்திருந்தாலும் எழுதுங்க. எங்க கமிட்டி ரெண்டு பாரா வெட்டினாங்க, ஒண்ணை திருப்பி வாங்கிட்டேன், இன்னொண்ணு போச்சு.

கடைசியா அச்சு வேலை. ப்ரூஃபை நீங்க பாக்காதீங்க, எழுதினவங்க கண்ணுக்குத் தப்பு தெரியாது, பேரு லிஸ்ட்டை மட்டும் ரெண்டு பேர் சத்தமா படிச்சு சரிபாக்கணும். குரூப் போட்டோல யார் யாருன்னு பின்பக்கம் பென்சில்ல எழுதுங்க, பேனா வேணாம், முன்பக்கம் ஊறிடும். மலர் வந்ததும் ரெண்டு காப்பி கன்னிமாராவுக்கும் யூனிவர்சிட்டி லைப்ரரிக்கும் அனுப்பிடுங்க. ஸ்கேன், ரெக்கார்டிங், கமிட்டி வெட்டின அந்தப் பாரா எல்லாத்தையும் ஒரு ஹார்ட் டிஸ்க்ல போட்டு, வெளிய வருஷம் எழுதி காலேஜ் லைப்ரரியன்கிட்ட கையெழுத்து வாங்கிட்டுக் கொடுங்க, ஆபீஸ்ல கொடுத்தீங்கன்னா அது நேரா அந்த உடைஞ்ச பெஞ்ச் ரூமுக்குத்தான் போகும்.